வெயிலும் வயிற்றுப் பிள்ளையும்



"வெயிலாவது, ஆளைக் கொல்றதாவது! பாட்டன் காலத்துலேருந்து இந்த வெயில்லதானே நிக்கிறோம்" என்று திருத்துறைப்பூண்டிப் பக்கம் சொல்வார்கள். ஆனால் 1998-ல் ஒடிசாவில் வெப்ப அலை ஏறக்குறைய 2,000 உயிர்களைக் குடித்தது. 2015 மே மாதத்தில் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மட்டும் 2,000 பேருக்கு மேல் மாண்டார்கள். கூலி வேலைக்குப் போனவர்களும் வயதானவர்களும் அவர்களில் நிறைய. 2024-ல் தமிழ்நாடு அரசும் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இந்தக் கணக்கில் ஏறாத சாவு ஒன்று உண்டு. அது வயிற்றிலேயே கலைந்து போகும் சிசுவின் சாவு.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் 2017-ல் தொடங்கிய ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 800 பேரைக் கவனித்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று வெக்கையில் பாடுபட்ட பெண்களுக்குக் கரு கலையும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. கரு கலைந்தால் நம் ஊரில் என்ன சொல்கிறோம்? "அவளுக்கு ராசியில்லை", "கண்ணு பட்டுது." வெயிலை யாரும் சொல்வதில்லை.

காரணம் இதுதான். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் வட்டாரத்துக்கு முத்துப்பேட்டைக் கடல் பக்கம். காற்றில் ஈரம் அதிகம். வேர்வை வடிகிறதே தவிரக் காய்வதில்லை. அதனால்தான் உள்நாட்டுச் சமவெளியில் 40 டிகிரியிலிருந்து பார்க்கும் வெப்ப அலையைக் கடலோரத்தில் 37 டிகிரியிலிருந்தே பார்க்கிறார்கள். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடுகிறது. உடம்பில் நீரும் வற்றிவிட்டால் கருப்பைக்குப் போகும் ரத்தம் குறைகிறது.

சித்திரை, வைகாசியில் பருத்தி எடுப்பு. ஆனியில் குறுவை நடவு. ஏக்கருக்கு இவ்வளவு என்று கொத்தாகப் பேசி எடுக்கும் நடவில் ஒருத்தி கரையேறி உட்கார்ந்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்குப் பயந்து, தலை சுற்றினாலும் குனிந்தபடியே நிற்கிறாள். ஒதுங்க மறைவிடம் இல்லை என்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காத பெண்களும் அநேகர். இதைப் புருஷனிடம் சொல்வதும் இல்லை, அவர் கேட்பதும் இல்லை. கேளுங்கள் ஐயா! "இன்னைக்கு எத்தனை செம்பு தண்ணி குடிச்சே?" என்று ராத்திரி ஒரு வார்த்தை கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

மனைவி முழுகாமல் இருந்தால் அந்த மாதங்களில் உச்சி வெயில் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அவள் போயே தீரவேண்டுமென்றால் விடியலில் இறங்கிப் பதினொரு மணிக்குள் கரையேறட்டும். நீராகாரமோ மோரோ உப்புப் போட்டுத் தூக்கில் போகட்டும். தலைசுற்றலையும் வாந்தியையும் "மசக்கைதான்" என்று தள்ளிவிடாதீர்கள். கூலி போகிறதே என்பது நியாயமான கவலை. அதைக் கொஞ்சம் ஈடுகட்டத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இருக்கிறது. கர்ப்பம் தெரிந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துகொண்டால்தான் அது கிடைக்கும்.

பிள்ளை பிறந்த பிறகும் கவனம் தேவை. அகமதாபாத்தில் ஒரு மருத்துவமனையில் பிரசவப் பிரிவை மேல்மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றியதும் வெப்பத்தால் நோயுற்ற பச்சிளம் சிசுக்கள் குறைந்தார்கள். மேல்மாடிக்கே அப்படியென்றால் நம் தகரக் கொட்டகையையும் ஆஸ்பெஸ்டாஸ் வீட்டையும் நினைத்துப் பாருங்கள். கூரைமேல் கீற்றோ வைக்கோலோ பரப்பினால் வெக்கை தணியும். அடுப்புப் பொறி பறக்காத இடமாகப் பார்த்துப் பரப்புங்கள். ஆறு மாதம் வரை சிசுவுக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீர் வேண்டாம். தாய்தான் அதிகம் குடிக்கவேண்டும்.

வேலையிடத்தில் ஒருவர் உடம்பு கொதித்து, உளறி, நினைவு தப்பினால் உடனே 108-க்குச் சொல்லுங்கள். கையில் சாவியையும் இரும்பையும் கொடுத்து நேரத்தைப் போக்கவேண்டாம். நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கர்ப்பிணியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. வண்டி வரும்வரை நனைப்பதையும் விசிறுவதையும் நிறுத்தாதீர்கள்.