வெயிலைச் சேமிக்கும் வழி

அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் இரவானதும் இஞ்சினை நிறுத்துவார்கள், லயம் இருண்டுவிடும். சூரிய மின்சாரத்திற்கும் அதே குறைதான். நம் ஆயர் குரோவில் 2014-இல் எழுந்த 8 மெகாவாட் நிலையத்துக்கும் பொழுது சாய்ந்தால் வேலையில்லை.

பேட்டரியில் 100 யூனிட் சேமித்தால் சுமார் 85 திரும்பும். மற்றொரு வழி, அம்மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அஸ்ஸாமின் ஜோர்ஹாட்டில், 2022 ஏப்ரலில் ஆயில் இந்தியா நிறுவனம் இதைத் தொடங்கியது. நாளைக்கு 10 கிலோ. ஒரு கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும். அதைத் திரும்ப மின்சாரமாக்கினால் 20 கூடத் தேறாது! வீட்டு விளக்குக்கு இது கட்டுப்படியாகாது, பேட்டரியே மேல்.

ஆனால் செம்பனைக்குப் போடும் தழைச்சத்து உரத்தைப் பேட்டரியால் செய்ய முடியுமா? அதற்கு ஹைட்ரஜன்தான் வேண்டும். இன்று அதைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் எடுக்கிறார்கள்.