"வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

பஸ்சுக்குள் உருண்டார் பூக்கார அம்மா! பறந்து போனது மோட்டார் சைக்கிள்!

சென்னை ரோட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காத டிரைவர் கிடையாது.

"இன்னாப்பா, வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

கேட்பவர் பஸ் டிரைவர். அல்லது லாரி டிரைவர், ஆட்டோக்காரர். கேள்வி யாருக்கு? குறுக்கே பாய்ந்த மோட்டார் சைக்கிள் வாலிபருக்கு. ஆனால் பாதி நேரம் அது அவர் காதில் விழுவதே இல்லை. அதற்குள் அவர் அடுத்த சிக்னலுக்குப் போயிருப்பார்.

போனவர் போய்விட்டார். அவர் விட்டுப் போன இடத்தில் என்ன நடக்கிறது? அதை நிருபர் நேரில் பார்க்க நேர்ந்தது.

குரோம்பேட்டையில்...

சென்ற வாரம் ஒரு மாலை. ஆபீஸ் விடும் நேரம். ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் நோக்கிப் போகும் பஸ்சில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். உள்ளே நல்ல கூட்டம்.

குரோம்பேட்டை ஸ்டாப்பில் ஒரு பூக்கார அம்மா ஏறினார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் பூக்கூடை. இன்னும் கம்பியைப் பிடிக்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் மெல்ல நகர்ந்தது.

அப்போதுதான் அந்த மோட்டார் சைக்கிள் வந்தது. வலது பக்கமாக அல்ல. இடது பக்கமாக! பஸ்சுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இருந்த சந்தில் சர்ரென்று நுழைந்தது. முன்னால் ஒரு மீன்பாடி வண்டி நின்றது. வாலிபர் என்ன செய்தார்? பிரேக் போட்டாரா? இல்லை. பஸ்சின் மூக்கை உரசுகிற மாதிரி வலது பக்கம் வெட்டி, முன்னால் பாய்ந்து போய்விட்டார்.

டிரைவர் பிரேக்கை மிதித்தார். "கிரீச்" என்ற சத்தம். நின்றவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பூக்கார அம்மா கியர் பெட்டி வரை உருண்டு போய் விழுந்தார். மல்லிகையும் கனகாம்பரமும் ஜனங்களின் செருப்புக்கடியில். வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, கை போச்சே" என்று அலறினார்.

பின்னால் இன்னொரு சத்தம். பஸ்சின் பின்புறத்தில் ஒரு ஆட்டோ மோதி நின்றது. அதன் முன் விளக்கு தூள். ஆட்டோவுக்குப் பின்னால் வந்த கார் வலது பக்கம் ஒடித்து, நடுத் தடுப்பில் டயரை உரசி நின்றது.

வாக்குவாதம்

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்லக்கூடாது. ஆனால் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

ஆட்டோக்காரர் ஓடி வந்து பஸ் டிரைவரைக் கேட்டார்: "இப்படியா சடன் பிரேக் போடுவே?" கார்க்காரர் ஆட்டோக்காரரைப் பிடித்துக்கொண்டார். பயணிகளில் ஒருவர் டிரைவரைத் திட்டினார். இன்னொருவர் "ஏன் விசில் கொடுத்தே?" என்று கண்டக்டர் மேல் பாய்ந்தார். நாலு பேருக்கும் நஷ்டம். நாலு பேரில் ஒருவர் மீதும் தப்பு இல்லை. தப்பு செய்தவர் அந்நேரம் தாம்பரத்தையே தாண்டியிருப்பார். தனக்குப் பின்னால் ஒரு கிழவி விழுந்தது அவருக்குத் தெரியாது. இன்றுவரை தெரிந்திருக்காது.

நம்பரை யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. சிவப்பு வண்டி என்றார் ஒருவர். கறுப்பு என்றார் இன்னொருவர்.

"ஜட்ஜுக்கு வாய்தா உண்டு"

டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தார். விரல்கள் நடுங்கின. பெரிய மீசைக்காரர்தான், ஆனாலும் நடுங்கின.

"இடது பக்கம் சக்கரத்துக்குப் பக்கத்துல ஒட்டி வந்தா எனக்குத் தெரியாது சார். நான் உக்காந்திருக்கிறது வலது பக்கம். அவ்வளவு உயரத்துல இருந்து பார்த்தா கீழே இருக்கிறவன் மறைஞ்சிடுவான். கண்ணாடியில ஒரு கண நேரம் வருவான், போயிடுவான்" என்றார்.

பிரேக் போடாமல் இருந்தால்?

"அவன் செத்திருப்பான். பிரேக் போட்டா, உள்ளே இருக்கிறவங்க விழுவாங்க. எது நல்லதுன்னு யோசிக்க எனக்கு ஒரு செகண்டுகூட இல்லை. ஜட்ஜுக்குக்கூட வாய்தா உண்டு சார். எனக்கு உண்டா?"

அவன் செத்திருந்தால் கேஸ் யார் மேல் வரும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். பெரிய வண்டி ஓட்டியவரைத்தான் முதலில் ஸ்டேஷனுக்கு அழைப்பார்கள். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 304-ஏ. இரண்டு ஆண்டு வரை ஜெயில். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவு. அதில் ஐந்து ஆண்டு வரை போகலாம். கடைசியில் கோர்ட்டு விடுதலையே செய்தாலும், அதுவரை அலைய வேண்டியது அவர்தானே.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

குரோம்பேட்டையிலாவது நடுவே தடுப்பு உண்டு. தடுப்பு இல்லாத ரோட்டில் பஸ்சை முந்துவது இதைவிடப் பெரிய சூதாட்டம்.

பஸ் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மோட்டார் சைக்கிள் 60-ல் வருகிறது. பார்க்கப் பறப்பது போல இருக்கும். ஆனால் பஸ்சைவிட நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான் அதிகம். பஸ்சின் நீளம் சுமார் 12 மீட்டர். பின்னால் கொஞ்சம், முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு முந்தி முடிக்க 6 நொடி ஆகும். அந்த 6 நொடியில் மோட்டார் சைக்கிள் 100 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வேன் வந்தால், அது 66 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, 160 மீட்டருக்கு மேல் ரோடு காலியாகத் தெரிய வேண்டும். வளைவில் தெரியுமா? பாலத்தின் மேட்டில் தெரியுமா? பஸ்சின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்?

வேன்காரர் என்ன செய்வார்? மோதாமல் இருக்க இடது பக்கம் ஒடிப்பார். அங்கேதான் சைக்கிள்காரர் போவார். டிபன் கடைத் தள்ளுவண்டி நிற்கும். பள்ளிப் பிள்ளை நிற்கும். மோட்டார் சைக்கிளில் ஒரு கீறல் இருக்காது. அடிபட்டவரும் அடித்தவரும் அந்த மோட்டார் சைக்கிளைத் தொட்டதே இல்லை. கேஸ் வேன்காரர் மேல்!

சட்டம் தூங்கவில்லை

முந்துவது வலது பக்கமாகத்தான். சந்திப்பு, ஜனங்கள் ரோட்டைக் கடக்கும் ஜீப்ரா கோடு, குறுகிய பாலம் ஆகிய இடங்களில் முந்தக்கூடாது. விடாமல் போடப்பட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது. சட்டத்துக்கு விரோதமாக முந்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில் சேர்த்துவிட்டார்கள். முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை ஜெயில், அல்லது இரண்டும்.

இன்னொரு விதியும் இருக்கிறது. இது பெரிய வண்டிக்காரர்களுக்கு. ஒருவர் முந்த வரும்போது வேகத்தைக் கூட்டி அவரை மறிக்கக்கூடாது. கூட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டாப்பை விட்டுத் தள்ளி நடு ரோட்டில் பஸ்சை நிறுத்துவதும், கையைக்கூட நீட்டாமல் ஆட்டோ திரும்புவதும் தினசரிக் காட்சிதான். சோற்றுப் பொட்டலத்தோடு மணி பார்த்துப் பறக்கும் தம்பிகளை அப்படி விரட்டுவது யார் என்றும் கேட்கத்தான் வேண்டும். மோட்டார் சைக்கிள் வாலிபர் மட்டுமே பாவி அல்ல.

இதை எழுதுகிறவரிடமும் ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு. பஸ்சின் இடது பக்கச் சந்தில் நுழைந்ததே இல்லையா என்று கேட்டால் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் ரோடு விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதே ஆண்டில் விபத்து எண்ணிக்கையில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு. 64,105. பஸ்சுக்குள் விழுந்து கை பிசகிய கிழவிகள் இந்தக் கணக்கில் எங்கே வருவார்கள்?

இரண்டு நாள் கடை இல்லை

கண்டக்டரும் ஒரு காலேஜ் பெண்ணும் பூக்கார அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போவோம் ஆயா" என்றாள் அந்தப் பெண். அம்மா கூடையைத்தான் தேடினார். "இருநூறு ரூபாய்ப் பூ தாயி. சாயந்திரம் வித்தாத்தான் காலையில கொடுக்கணும்" என்றார். கடனுக்கு வாங்கிய பூவாம். பயணிகள் ஆளுக்குப் பத்து, இருபது என்று போட்டார்கள். டிரைவரும் போட்டார்.

ஆட்டோக்காரர் விளக்குத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, யாரையோ திட்டியபடி மெக்கானிக் கடைக்குப் போனார். சவாரி பார்க்க வேண்டிய நேரம். இருட்டி விட்டால் விளக்கு இல்லாமல் ஓட்ட முடியாது.

தாம்பரம் ரெயில்வே ஸ்டேஷன் பக்கம்தான் அந்த அம்மா பூ விற்கிற இடம். மறுநாள் போய்ப் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். பக்கத்தில் வாழைப்பழம் விற்கிறவர் சொன்னார்: "கையில கட்டு போட்டிருக்காங்களாம் சார். ஒத்தக் கையால எப்படி பூ கட்டுறது?"