பிறை தெரியவில்லை என்பதையும் எழுதி வைப்போம்

கல்முனையில் பிறை பார்க்கிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது. தலைப்பிறையோ சூரியன் மறைந்த மேற்கில், வயல்வெளிக்கு மேலே, சிறிது நேரம் மட்டும் நிற்கும். கடற்கரையில் நின்றால் தென்னைகளும் வீடுகளும் மறைத்துவிடும்.

யுத்த காலத்தில் பிறை 29 அன்று மஃரிபுக்குப் பிறகு வயல் பக்கம் போக யாருக்கும் துணிவில்லை. வாப்பா என்னைப் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப் போவார். ஐந்து நிமிடம் ஆவதற்குள் உம்மா கீழே நின்று, “இருட்டுப்பட்டுட்டு, உள்ளுக்கு வாங்க” என்பார். பிறகு எல்லோரும் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து கொழும்பிலிருந்து அறிவிப்பு வரும்வரை காத்திருப்போம். அன்று எங்கள் மாடியில் பிறை தெரியவில்லை என்பது எங்கும் பதியப்படவில்லை.

வானியல் ஆய்வில் பொதுமக்கள் பங்கெடுப்பதைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், அந்த மாடியில் நாங்கள் செய்ததும் அதுதான் என்று புரிந்தது.

நாடெங்கும் மக்கள் மேற்கைப் பார்க்கிறார்கள். கண்டவர்கள் சாட்சி சொல்கிறார்கள். கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடும் மாநாட்டில் முடிவு எடுக்கப்படுகிறது. எந்தச் சாட்சியை ஏற்பது என்பது உலமாக்களின் விடயம். அதற்குள் நான் போகவில்லை. நான் பேசுவது, அதே பார்வை அறிவியலுக்கு எப்படி உதவும் என்பதைப் பற்றி.

நிலா எந்த நிமிடத்தில் எங்கே நிற்கும் என்பதைக் கணக்குச் சொல்லிவிடும். ஆனால் மெல்லிய பிறை மனிதக் கண்ணுக்குத் தெரியுமா என்பதைக் கணக்கால் மட்டும் தீர்க்க முடியாது. சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையிலான கோணம், அடிவானத்திலிருந்து உயரம், அன்றைய காற்றின் தூசி, ஈரம் எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. அந்த எல்லையை அறிய ஒரே வழி, பலர் பல இடங்களில் பார்த்து எழுதி வைப்பது.

பிரெஞ்சு வானியலாளர் டான்ஜோன், கோணம் ஏறத்தாழ 7 பாகைக்குக் குறைந்தால் பிறையே தெரியாது என்று 1930களில் சொன்னார். பொதுமக்களின் பிறை அவதானங்களை உலகெங்கும் இருந்து திரட்டும் திட்டம் ஒன்று 1998இல் தொடங்கியது. அதை நடத்தும் முஹம்மத் ஓதே, அத்திட்டத்துக்கு வந்தவற்றையும் பழைய பதிவுகளையும் சேர்த்து 737 அவதானங்களை ஆராய்ந்து, எல்லையை 6.4 பாகை என்று திருத்தினார். அந்த 737இல் ‘தெரிந்தது’ மட்டுமல்ல, ‘தெரியவில்லை’யும் உண்டு. இரண்டும் இல்லாமல் எல்லைக்கோடு கீற முடியாது.

இது எங்கள் கரைக்குப் புதிதும் அல்ல. திருகோணமலையில் பணியாற்றிய இராணுவப் பொறியியலாளர் பெர்சி மோல்ஸ்வர்த், தன் சொந்தத் தொலைநோக்கியால் இரவுதோறும் வியாழனைப் பார்த்து நேரத்தோடு குறித்து வந்தார். 1901இல் அந்தக் கோளின் தென்பகுதியில் தோன்றிய பெரும் குழப்பத்தைக் கண்டவர் அவர்தான். வானியல் அவருடைய தொழில் அல்ல. இன்று செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது.

தொலைநோக்கிகூட வேண்டாத வேலையும் உண்டு. ‘குளோப் அட் நைட்’ திட்டம் 2006 முதல் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறது: உங்கள் முற்றத்திலிருந்து எத்தனை நட்சத்திரங்கள் தெரிகின்றன? வரைபடத்தோடு ஒப்பிட்டு, கைபேசியில் அனுப்பலாம். 2011 முதல் 2022 வரை வந்த 51,351 பதிவுகளை ஆராய்ந்தபோது, இரவு வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 வீதம் வெளிச்சமாகி வருவது தெரிந்தது. எல்ஈடி விளக்குகளின் நீல ஒளியைச் செய்மதிகள் சரியாகப் பிடிப்பதில்லை. மனிதக் கண் பிடித்தது. ஆனால் பதிவுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்து வந்தவை. ஆசியாவுக்கென்று தனியே ஒரு முடிவு சொல்ல அவை போதவில்லை.

அடுத்த பிறை 29 அன்று ஒரு கொப்பி எடுங்கள். திகதி, நின்ற இடம், பார்க்கத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், முகில் இருந்ததா, வெறுங்கண்ணா இருகண் தொலைநோக்கியா, எத்தனை பேர் பார்த்தார்கள், தெரிந்ததா இல்லையா. இவ்வளவும் போதும். இடத்தையும் நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். கொழும்பைவிட இங்கே சூரியன் ஏறத்தாழ 8 நிமிடம் முந்தி மறைகிறது. சூரியன் முழுதாக மறையும்வரை தொலைநோக்கியால் பார்க்க வேண்டாம், கண் போய்விடும்.

கண்டதைத் திகதியும் நேரமும் இடமும் போட்டு எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பது யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கடந்து வந்த எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் சாட்சியம் எத்தனையோ தடவை வாய்ப்பேச்சாகவே போய்விட்டது. வானத்தைப் பார்த்துச் சொல்லும் சாட்சியமாவது எழுத்தில் இருக்கட்டும்.

வாப்பாவுக்கு இப்போது மாடிப்படி ஏற முடிவதில்லை. போன தடவை நான் மட்டும் ஏறினேன். முகில் மூடியிருந்தது. இறங்கி வந்ததும் அவர் கேட்டார், “தெரிஞ்சிச்சா?” இல்லை என்றேன். கொப்பியிலும் அதையே எழுதினேன்.