உஷார்! மனநல மாத்திரை சாப்பிடுபவரின் இடுப்பை அளந்தீர்களா?

"பையன் நல்லா தேறிட்டானுங்க, கன்னமெல்லாம் சதை போட்டிருச்சு." குமாரபாளையத்தில் ஒரு அம்மா இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சந்தோஷப்படுவார்கள். நான் பயப்படுவேன். மனச்சிதைவுக்கோ இருமுனைக் கோளாறுக்கோ மாத்திரை ஆரம்பித்த முதல் மூன்று மாதத்தில் மளமளவென்று எடை ஏறினால், அது பெரும்பாலும் மாத்திரை செய்கிற வேலை. அதன் பின்னாலேயே சர்க்கரை, கெட்ட கொழுப்பு, பிரஷர் என்று ஒவ்வொன்றாக வரும்.

ஓலான்சபின், குளோசபின் இரண்டும் இதில் முன்னணி. குவிட்டியபின், ரிஸ்பெரிடோன் அடுத்த வரிசை. 'வயிறு நிறைந்துவிட்டது, போதும்' என்று மூளைக்குத் தெரியவைக்கும் ஏற்பாட்டையே இவை மந்தமாக்குகின்றன. அதனால்தான் நாலு இட்லியோடு எழுந்தவன் எட்டுக்குப் பிறகும் தட்டைத் தள்ளுவதில்லை. அவனைத் தீனிப்பண்டாரம் என்று திட்டாதீர்கள், அந்தப் பசி அவன் கையில் இல்லை. சிலருக்கு எடை ஏறாமலே சர்க்கரை ஏறிவிடும், அது இன்னும் மோசம்.

புதுச் செய்தி ஒன்றும் இல்லை இது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003-லேயே இந்த வகை மருந்துகள் எல்லாவற்றிலும் சர்க்கரை நோய் எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. மறுவருடமே, எதை எப்போது சோதிக்க வேண்டும் என்று அந்நாட்டு மனநல, சர்க்கரை நோய் மருத்துவர்கள் சேர்ந்து அட்டவணை போட்டார்கள். சென்னையில் மனச்சிதைவு உள்ளவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டு 2011-ல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோய் முதல் தரப்பில் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காரணம் தற்கொலை மட்டும் என்று நினைக்க வேண்டாம், பெரும்பங்கு மாரடைப்பு போன்ற உடல் நோய்களுக்குத்தான்.

உங்கள் வீட்டு ஆஸ்பத்திரி ஃபைலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். எத்தனை சீட்டில் எடை எழுதியிருக்கிறது?

எழுதியிருக்காது. ஏனென்றால் பல வீடுகளில் டாக்டரிடம் போவது நோயாளியே இல்லை. தறிப்பட்டறையில் ஷிப்ட் முடித்து அப்பா போவார், அல்லது அண்ணன் பழைய சீட்டை மருந்துக்கடையில் நீட்டி ஒரு மாதத்துக்கு வாங்கி வருவார். ஆள் வீட்டிலேயே இருப்பான். மாத்திரையின் தூக்கம், நடமாட்டம் இல்லாத பகல், சர்க்கரை தூக்கலாக மூன்று நாலு டீ, கூடவே போண்டா. அவனை எடை மெஷினில் நிறுத்தப்போவது யார்?

டேப் போதும். துண்டும் லுங்கியும் நெய்கிற ஊரில் தெருவுக்கு ஒரு தையல்காரர் இருப்பார், இன்ச் டேப்புக்கா பஞ்சம்? பேன்ட் சைஸை நம்பாதீர்கள், பேன்ட் தொப்பைக்குக் கீழே நழுவி நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், சட்டையைத் தூக்கிவிட்டு, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் சுற்றி அளக்க வேண்டும். வயிற்றை எக்க விடாதீர்கள். நம் ஊர் உடம்புக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை இன்ச். பெண்ணுக்கு 80, முப்பத்தொன்றரை இன்ச். அதைத் தொட்டுவிட்டால் சிவப்பு விளக்கு.

எடையை மாத்திரை தொடங்கும் அன்றும், பிறகு 4, 8, 12 வாரங்களிலும் குறித்து வையுங்கள். 60 கிலோ ஆள் 63 ஆனாலே டாக்டரிடம் பேச வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் மூன்றையும் தொடக்கத்திலும் மூன்றாம் மாதத்திலும், பிறகு வருடா வருடமும் பார்த்தாக வேண்டும். வெறும் வயிற்றில் 100-ஐத் தாண்டினாலே கவனம், 126 என்றால் சர்க்கரை நோய் என்று சந்தேகித்து மறுபடி சோதிப்பார்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் பாட்டிக்குப் பிரஷர் பார்க்க வாசலுக்கு வரும்போது, உள்ளே படுத்திருப்பவனையும் எழுப்பி உட்கார வையுங்கள்.

இதைவிட அவசரமானது ஒன்று. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறான், ராத்திரி நாலைந்து தடவை ஒன்றுக்குப் போகிறான் என்றால் "மாத்திரைச் சூடு" என்று இளநீர் வாங்கிக் கொடுத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றே ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள். அதோடு வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல், பேச்சில் குழப்பம் சேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அரிதாக வந்தாலும் உயிரைப் பறிக்கிற நிலை அது. குழப்பத்தைப் பார்த்து "பழையபடி ஆரம்பிச்சிருச்சு" என்று கோயிலுக்கு இழுத்துப்போய் நேரத்தைக் கோட்டைவிடுகிற குடும்பங்கள் உண்டு. அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் "மனநோயாளிதானே" என்று தள்ளிவிடப் பார்த்தால், "முதல்ல சுகர் பாருங்க" என்று சத்தம் போட்டே கேளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தித் தொலைக்காதீர்கள்! நோய் திரும்பினால் அது இன்னொரு ஆபத்து. எடை அதிகம் ஏற்றாத மருந்துக்கு மாற்றலாமா, மெட்ஃபார்மின் சேர்க்கலாமா என்பதை மனநல மருத்துவரே முடிவு செய்வார், ஆனால் அவரிடம் கேட்பது உங்கள் வேலை. பக்கத்தில் மனநல மருத்துவர் யாரும் இல்லையென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இலவசம்.

அடுத்த தடவை மருந்து வாங்கப் போகையில் சீட்டை மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம். ஆளையும் கூட்டிப்போங்கள், காலையில் டீ கொடுக்காமல்.