பீஸ் கட்டை ஆளைக் காப்பாற்றாது
பழைய கிராமத்து வீடுகளுக்கான மின் பாதுகாப்பு விளக்கம்

கிராமங்களில் உள்ள பழைய ஓட்டு வீடுகளில் பலவற்றின் வயரிங், இரண்டு குண்டு பல்புக்கும் ஒரு மின்விசிறிக்கும் என்று கணக்குப் பார்த்துப் போட்டது. 2006-இல் தொடங்கி தமிழ்நாடு அரசின் இலவச டிவி வந்தது. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் வந்தன. பிறகு ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மரச்சட்டத்தின் மேல் ஓடும் கம்பியும் மெயின் போர்டில் இருக்கும் பீங்கான் பீஸ் கட்டையும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

"ஏதாவது ஆனால் பீஸ் போய்விடும்" என்று நம்பித்தான் இந்த வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. அந்த நம்பிக்கை தவறு.

பீஸ் யாரைக் காக்கிறது?

பீஸ் கட்டையும் அதற்குப் பதிலாக இப்போது வரும் எம்.சி.பி.யும் காப்பது கம்பியை. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடி, கம்பி சூடாகித் தீப்பிடிக்காமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை. மனித உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் போனாலே இதயத்துக்கு ஆபத்து. 5 ஆம்பியர் பீஸ் என்றால் 5,000 மில்லி ஆம்பியர். ஷாக் அடித்து ஒருவர் துடிக்கும்போது அந்த மின்சாரம் பீஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. அடிக்கடி பீஸ் போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றி வைத்துவிட்டால், கம்பிக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடும்.

எர்த் மட்டும் போதுமா?

மூன்று பின் பிளக்கில் பெரிதாக இருக்கும் பின் எர்த். கிரைண்டருக்குள் கம்பி உரசி அதன் இரும்பு உடலில் மின்சாரம் ஏறினால், அதை மண்ணுக்குக் கொண்டுபோவது இந்த வழிதான். எர்த் கம்பி இல்லாத வீட்டில், அந்தக் கிரைண்டரைத் தொடுபவரின் உடம்புதான் அந்த வழி.

எர்த் இருந்தாலும் மண்ணின் ஈரத்தைப் பொறுத்தே அது வேலை செய்யும். எர்த் குழியின் மின்தடை 5 ஓம் என்றால், 230 வோல்ட்டில் சுமார் 46 ஆம்பியர் பாய்ந்து பீஸ் எரிந்துவிடும். கோடையில் குழி வறண்டு அதே தடை 50 ஓம் ஆனால், பாய்வது 4.6 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் பீஸ் அசையாது. கிரைண்டரின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். வீட்டில் எர்த் இருக்கிறது, பீஸ் இருக்கிறது, ஆனாலும் தொட்டவருக்கு ஆபத்து.

உயிர் காக்கும் கருவி

இந்த இடைவெளியை அடைப்பதுதான் ஆர்.சி.சி.பி. கடைகளில் பலர் இன்றும் இ.எல்.சி.பி. என்றே கேட்கிறார்கள். பேஸ் கம்பி வழியாகப் போன மின்சாரம் அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறதா என்று இது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, எங்கோ கசிகிறது என்று கண்டு, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வறண்ட குழியில் பாய்ந்த அந்த 4.6 ஆம்பியர் பீஸை அசைக்கவில்லை. இந்தக் கருவிக்கோ அது மிகப் பெரிய கசிவு.

வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டதையே கேட்டு வாங்குங்கள். 100, 300 என்று இருப்பவை ஆளைக் காக்கும் அளவு அல்ல. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும், ஆகவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். இது எர்த்துக்கும் எம்.சி.பி.க்கும் மாற்று அல்ல, மூன்றும் வேண்டும். ஒரே நேரத்தில் பேஸையும் நியூட்ரலையும் தொடுபவரை இதனாலும் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

பழைய வீட்டில் இதை மாட்டியதும் அடிக்கடி டிரிப் ஆகலாம். "தொல்லை" என்று கழற்றிவிடாதீர்கள். வீட்டில் எங்கோ கசிவு இருப்பதை அது சொல்கிறது. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ, அந்தச் சாதனத்தில் கோளாறு. எதுவும் மாட்டாமலே விழுந்தால் கோளாறு வயரிங்கில். மின்பணியாளரிடம் மெக்கர் என்ற கசிவுச் சோதனைக் கருவியை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ற வரிசை

முதலில், செலவில்லாதவை. துணி காயப்போடும் கொடிக்கம்பியை மின்கம்பம், ஸ்டே கம்பி, சர்வீஸ் வயர் வரும் இரும்புக் குழாய் எதிலும் கட்டாதீர்கள். கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டுங்கள். சர்வீஸ் வயர் தகரக் கூரையில் உரசுகிறதா என்று கீழே நின்றே பாருங்கள். உரசினால் கைவைக்காமல் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லுங்கள். பிளக் இல்லாமல் வெறும் கம்பியை ஓட்டையில் செருகுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இரண்டாவது, எர்த் குழியும் ஆர்.சி.சி.பி.யும். இரண்டரை மீட்டர் நீள ஜி.ஐ. குழாய் இறக்கி, கரியும் உப்பும் இட்டு நிரப்புவது வழக்கமான முறை. கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடியும் இந்த வேலையை வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்கு முன்பே செய்யலாம்.

மூன்றாவது, மெயின் போர்டு. பழைய போர்டுகளில் நியூட்ரலுக்கும் ஒரு பீஸ் இருக்கும். அது மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் கம்பியில் மின்சாரம் இருக்கும். கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைப்பவர் அடிபடுவார். நியூட்ரல் பீஸை எடுத்துவிட்டு, பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகத் துண்டிக்கும் மெயின் சுவிட்சும் எம்.சி.பி.க்களும் வையுங்கள்.

நான்காவது, வயரிங். ஒரே நேரத்தில் முடியாவிட்டால் சமையலறை, குளியலறையில் தொடங்குங்கள். விளக்கு, விசிறிக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி., ஹீட்டருக்கு 4. எல்லாப் பிளக்குக்கும் பச்சை நிற எர்த் கம்பி தனியே ஓட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். ஏ.சி. போன்ற பெரிய சாதனம் வாங்கும் முன், வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்று மின்வாரியத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே கொடுங்கள். வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன், ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை உங்கள் கண் முன்னால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். எர்த் குழியின் ஓம் அளவையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்பது உங்கள் உரிமை. நல்ல வேலைக்காரர் கேட்காமலே செய்வார்.