சொப்பும் செப்பும்

குழந்தைகள் மணலைச் சோறாகவும் வேப்பிலையைக் கறியாகவும் சமைத்துப் பரிமாறும் சின்னஞ்சிறு பாத்திரங்களுக்குச் ‘சொப்பு’ என்று பெயர். இது ஏதோ மழலைச் சொல் என்று எண்ணுவோர் பலர். சங்கப் புலவரும் வள்ளுவரும் வழங்கிய சொல் அது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

‘பெட்டி’ பேச்சில் ‘பொட்டி’ ஆவதுபோலச் ‘செப்பு’ சொப்பாயிற்று. செப்போ செம்பிலிருந்து பிறந்தது. இரும்பாலாகிய பாதை ‘இருப்புப் பாதை’ ஆகிறதல்லவா? அவ்வாறே செம்பாலாகிய ஏடு செப்பேடு, குடம் செப்புக்குடம். செம்பு என்ற பெயரும் அவ்வுலோகத்தின் செந்நிறம் பற்றி வந்ததே. நிறத்தின் பெயர் உலோகத்துக்கும், உலோகத்தின் பெயர் பாத்திரத்துக்கும் ஏறிற்று. பின்னர் உலோகம் மாறியும் பெயர் மாறவில்லை. ‘எவர்சில்வர் செம்பு’ என்று நாம் கூசாமல் சொல்கிறோமே! (‘செப்புதல்’ என்றால் சொல்லுதல். அது வேறு சொல். இங்கே அதற்கு வேலையில்லை.)

குறுந்தொகையின் 277-ஆம் பாட்டில் தோழி ஓர் அறிவரிடம், வாடைக் காலம் எப்போது வரும் என்று கேட்கிறாள்; அப்போதுதான் தலைவன் திரும்புவான். வெறுமனே கேட்கவில்லை. நாயில்லாத வாசலில், ஒரே வீட்டிலேயே, நெய்யும் செந்நெற் சோறும் உமக்கு வயிறாரக் கிடைக்கட்டும். பனிக்கு இதமான வெந்நீரும் ‘சேமச் செப்பில்’ கிடைக்கட்டும் என்று வாழ்த்துகிறாள். பிச்சைக்குப் போகிறவருக்கு நாயின் தொல்லை எத்தகையது என்பதை அறிந்த பெண்!

உட்பகை என்னும் 89-ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் செப்பையே உவமையாக்கினார். செப்பும் மூடியும் பொருந்தியிருக்கையில் கண்ணுக்கு ஒன்றே, திறந்தால் இரண்டு. உட்பகை புகுந்த குடியும் அத்தகையதே. இக்குறளை வகுப்பில் நடத்துகையில் செப்பு என்றால் என்னவென்று கேட்டேன். பிள்ளைகள் விழித்தனர். “சொப்பு வைத்து விளையாடியதுண்டா?” என்றதும் பெண்கள் முகம் மலர்ந்தது, பையன்களிலும் சிலர் வெட்கத்துடன் கை தூக்கினர். பொருள் வீட்டில் இருக்கிறது. சொல் நாவில் இருக்கிறது. புத்தகத்தோடு அவற்றைச் சேர்த்துக் காட்டுவார்தாம் இல்லை.

திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரத்துக் கைவினைஞர்கள் இச்சொப்புகளை மரத்தில் கடைகிறார்கள். சுழலும் மரத்தின்மீது வர்ண அரக்கை அழுத்த, உராய்வின் சூட்டிலேயே அது உருகிப் படிகிறது. அடுப்பு, குடம், அம்மி, உரல் எல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய் மின்னும். இப்போது கடைகளில் பிளாஸ்டிக் சாமான்கள் ‘கிச்சன் செட்’ என்ற பெயரோடு அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அடுத்த கொலுவுக்குப் பொம்மை வாங்கப் போகும் தாய்மார்கள், சொப்பு என்றே கேட்டு, மூடியுள்ளதாக ஒன்று பார்த்து வாங்கட்டும். வள்ளுவர் கண்ட உவமையைக் குழந்தைக்குக் காட்ட அது உதவும்.