சாம்பிள் பையும் மொத்த வியாபாரியும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் வீட்டிலிருந்தபடியே துணி வியாபாரம் செய்வோர் பலர் உண்டு. ஈரோட்டிலிருந்து நைட்டியும் திருப்பூரிலிருந்து பனியன் துணி உடைகளும் வரவழைத்து அக்கம்பக்கத்தில் விற்பவர்கள் ஒரு வகை. தாராவியிலோ டோம்பிவிலியிலோ நான்கைந்து தையல் மெஷின்களைப் போட்டுத் தாமே தயாரிப்பவர்கள் இன்னொரு வகை. தெரிந்தவர்களுக்கு விற்கும் வரை கவலையில்லை. சரக்கு கொஞ்சம் பெருகியதும் மொத்த வியாபாரியிடம் போய்த்தான் ஆகவேண்டும். அங்கேதான் நம்மவர்கள் பலர் திகைத்து நின்றுவிடுகிறார்கள்.

நான் துணி வியாபாரி அல்ல. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் தங்கை மகள் குழந்தைகளுக்கான பருத்தி கவுன்கள் தயாரிக்கிறாள். அவளுக்குத் துணையாகப் பை தூக்கிக்கொண்டு நாலைந்து சீசன்களாக மும்பை வியாபாரிகளிடம் ஏறி இறங்கியதில் சில விஷயங்கள் பிடிபட்டன. புதிதாக இறங்குவோருக்குப் பயன்படட்டுமே என்று எழுதுகிறேன்.

முதலில் எங்கே போவது? 'பெரிய மார்க்கெட்' என்றதும் எல்லோரும் மூல்ஜி ஜேதா மார்க்கெட்டையும் மங்கள்தாஸ் மார்க்கெட்டையும் சொல்வார்கள். மூல்ஜி ஜேதா 1874ல் தோன்றியது. வியாபாரத்தில் அதற்கு இருக்கும் பெயரும் பெரிது. ஆனால் இவ்விரண்டும் முக்கியமாக மீட்டர் துணிக்கான இடங்கள். தைத்த உடைகளுக்குத் தாதர் பக்கத்து மொத்தக் கடைகள்தான் நமக்குக் கைக்கெட்டியவை. டெல்லி அன்பர்களுக்குக் காந்தி நகர், கல்கத்தா அன்பர்களுக்கு மேட்டியாப்ரூஸும் ஹவுராவின் மங்களா ஹாட்டும் உண்டு. 1963ல் தொடங்கிய இந்திய ஆடை உற்பத்தியாளர் சங்கம் மும்பையில் நடத்தும் தேசிய ஆடைக் கண்காட்சிக்கு ஒருமுறை பார்வையாளராகவாவது போய் வருவது நல்லது. பெரிய கம்பெனிகள் தம் சரக்கை எப்படி அடுக்கிக் காட்டுகின்றன என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது போவது என்பது அதைவிட முக்கியம். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தீபாவளிச் சரக்கைக் காட்டப் போனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த ஆர்டர்கள் ஜூன், ஜூலையிலேயே முடிவாகிவிடுகின்றன. கல்கத்தாவின் பூஜை வியாபாரத்துக்கு இன்னும் முந்த வேண்டும். நாளில் எந்த நேரம் என்பதிலும் சூட்சுமம் உண்டு. கடை திறந்து பூஜை முடிந்து 'போனி' ஆகும் முன் நாம் விற்கப் போய் நிற்கக் கூடாது. (அவர்கள் 'போனி'யும் நம் 'போணி'யும் ஒன்றேதான்.) சில்லறைக் கடைக்காரர்கள் மொய்க்கும் நேரமும் ஆகாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் முதலாளி தம் வெள்ளை மெத்தையில் சற்றே சாய்ந்திருக்கும் வேளை உத்தமம். அந்த மெத்தை ஆசனத்துக்கு ஹிந்தியில் 'கத்தி' என்று பெயர். "சேட் கத்தியில் இருக்கிறார்" என்று யாரோ சொல்லக் கேட்டு என் தங்கை பயந்தே போனாள்!

முதல் தடவை கிளம்பும்போது மருமகள், "மாமா, அறுபது டிசைன் இருக்கு. எல்லாத்தையும் எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். டோம்பிவிலியிலிருந்து லோக்கலில் அவ்வளவு மூட்டையோடு ஏறுவது எப்படி என்பதுதான் எனக்கு முதல் கவலை. லக்கேஜ் டப்பா இருக்கிறது என்றாலும் காலை நேரத்தில் அதிலும் இடம் இராது. ஆனால் வியாபாரக் காரணமும் இருக்கிறது. பதினெட்டு, இருபதுக்கு மேல் பார்த்தால் வாங்குபவருக்கு எதுவும் மனத்தில் நிற்பதில்லை. துணி வாரியாகவோ விலை வாரியாகவோ மூன்று நான்கு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நன்றாகப் போகும் என்று நாம் நம்புகிற டிசைனை முதல் ஐந்துக்குள் காட்டிவிட வேண்டும். கடைசியில் காட்டலாம் என்று வைத்திருந்தால் அதற்குள் அவருக்குப் போன் வந்துவிடும்.

ஒவ்வொரு உருப்படியிலும் அட்டை ஒன்று தொங்க வேண்டும். அதில் டிசைன் நம்பர், துணியின் விவரம் (பனியன் துணியானால் ஜி.எஸ்.எம்.), சைஸ், நிறங்கள் இருக்க வேண்டும். தனியாக ஒரே தாளில் எல்லா டிசைன்களும் சிறு படத்துடன், ரேட், செட்டுக்கு எத்தனை உருப்படி, குறைந்தபட்ச ஆர்டர், சரக்கு தரும் நாள் ஆகியவற்றுடன் இருக்க வேண்டும். செட் என்பது மொத்த வியாபாரத்தின் உயிர். ஐந்து சைஸ், மூன்று நிறம் என்றால் பதினைந்து உருப்படி ஒரு செட். நடு சைஸ்கள் அதிகம் போகும் என்பதால் அவற்றை இரட்டிப்பாகக் கேட்பவர்களும் உண்டு. இதை முன்கூட்டியே யோசித்துத் துணி வெட்டாவிட்டால் கடைசியில் சின்ன சைஸ்கள் நம் வீட்டுக் கட்டிலடியில்தான் தங்கும்.

இப்போது ரேட். நாம் அடக்க விலையிலிருந்து மேலே ஏறிக் கணக்குப் போடுகிறோம். வியாபாரியோ கடையில் விற்கும் விலையிலிருந்து கீழே இறங்கிக் கணக்குப் போடுகிறார். உதாரணத்துக்கு, ஒரு கவுன் கடையில் 499 ரூபாய்க்குப் போகும் என்று அவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கழித்தால் 475. கடைக்காரருக்கு 35 சதவீதம் போனால் 309. தமக்கு 12 சதவீதம் வைத்தால் 272. அதற்கு மேல் நாம் சொல்லும் எந்த விலையும் அவர் காதில் ஏறாது. நம் அடக்கம் துணி 110, கூலி 55, லேஸ் பட்டன் நூல் லேபிள் 18, பெட்டி கவர் 7, கழிவுக்கு 10, ஆக 200 என்றால் இடையில் உள்ள 72ல்தான் நம் லாபமும், அவர் கேட்கும் தள்ளுபடியும், கடனுக்கான வட்டியும் அடங்க வேண்டும். இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறவர் பேரத்தில் தடுமாறுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் உருப்படிக்கு 2,500 ரூபாய் வரை விற்கும் உடைகளுக்கு 5 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் வரி என்று ஆகியிருப்பதால், நம்மவர்களின் சரக்கு பெரும்பாலும் 5 சதவீதத்திலேயே அடங்கிவிடும். பழைய 1,000 ரூபாய் எல்லையை மனத்தில் வைத்து ரேட் போடுபவர்கள் மாற்றிக்கொள்ளவும்.

அனுபவசாலி வியாபாரி உடையை எப்படிப் பார்க்கிறார் என்பது பார்க்கத் தகுந்த காட்சி. நாம் முன்பக்க எம்பிராய்டரியைக் காட்டுவோம். அவர் உடையை உள்புறம் திருப்பிவிடுவார். ஓவர்லாக் சரியாக ஓடியிருக்கிறதா, மடிப்புக்குள் எவ்வளவு துணி விட்டிருக்கிறோம் என்று விரலால் தடவுவார். இடுப்பு எலாஸ்டிக்கை இரண்டு முறை இழுத்து விடுவார். ஒருவர் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துச் சிவப்புத் துணியின் மேல் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். எங்கள் ஒர்க்‌ஷாப் இன்ஸ்பெக்டர்கள் தோற்றார்கள் போங்கள்! இதையெல்லாம் நாமே முதலில் செய்துவிட வேண்டும். துணி வந்ததும் அதில் 50 செ.மீ. சதுரம் ஒன்றைக் குறித்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்தால் சுருக்கம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 48.5 ஆகியிருந்தால் 3 சதவீதம். அதற்கேற்பப் பேட்டர்னைப் பெரிதாக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்தபின் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ரிபீட் மிலேகா?" இதே துணி, இதே நிறம், இதே தையலில் மறுபடி தர முடியுமா? அவர் வாங்குவது கையிலிருக்கும் ஒரு கவுனை அல்ல. இனி வரப்போகும் முந்நூறு கவுன்களை. சாம்பிள் என்பது அந்த முந்நூறுக்கும் நாம் கொடுக்கும் வாக்கு. எங்காவது மலிவாகக் கிடைத்த துண்டுத் துணியில் அழகாக ஒரு சாம்பிள் தைத்துக் காட்டுவதைப் போல ஆபத்து வேறில்லை. அந்தத் துணி மறுபடி கிடைக்காது.

ரயில்வே கொள்முதலில் 'சீல் வைத்த சாம்பிள்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒப்புக்கொண்ட மாதிரியை முத்திரையிட்டு வைத்துவிடுவார்கள். சரக்கு வந்ததும் அதனோடு ஒப்பிட்டுத்தான் ஏற்பார்கள் அல்லது நிராகரிப்பார்கள். வாய்ப்பேச்சுக்கு இடமில்லை. துணி வியாபாரத்திலும் இது வேண்டும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2023ல் ஒரு வியாபாரி (பெயர் வேண்டாம்) 'நிறம் மாறிவிட்டது' என்று 140 உருப்படிகளைத் தீபாவளி முடிந்த மறு வாரம் திருப்பி அனுப்பினார். மாறியது நிறமா, அவர் கடையின் வியாபாரமா என்று நிரூபிக்க எங்கள் கையில் எதுவுமில்லை. நகையை அடகு வைத்துத் துணி வாங்கியிருந்தாள் மருமகள். அந்தச் சங்கிலியை மீட்க அடுத்த பொங்கலும் தாண்டியது. இப்போது ஆர்டர் ஆனதும் ஒரே மாதிரி இரண்டு உருப்படிகளில் அட்டை கட்டி, இருவரும் தேதியுடன் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்கிறோம். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அவரே மற்றவர்களிடமும் அப்படிக் கேட்கிறாராம்.

பணம் வரும் நாளையும் அதே ஆர்டர் தாளில் எழுதி வாங்க வேண்டும். 'உதாரி' என்பது இங்கே 90 நாள், 120 நாள் என்று நீள்வது வழக்கம். 2006ம் ஆண்டுச் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் அந்தக் கெடுவில் தராத தொகையை வாங்குபவர் அந்த வருடச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது என்றும் ஆயிற்று. இதனாலேயே பதிவில்லாதவரிடம் வாங்கலாமே என்று நழுவுகிறவர்களும் உண்டுதான். ஆனாலும் மார்ச் மாதத்தில் பெரிய கடைகளின் கணக்குப்பிள்ளைகள் நம்மைத் தேடிப் போன் செய்வது இதன் பிறகுதான். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. வாங்கி விற்பவர்களுக்கு இச்சலுகை பொருந்தாது. தயாரிப்பவர்களுக்கே என்பதைக் கவனிக்கவும்.

ஆர்டர் தராமல் அனுப்புகிறவரிடம், "எது சரியில்லை சேட்ஜி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள். கழுத்து சிறியது, பின்னால் ஜிப்புக்குப் பதில் பட்டன் வேண்டும் என்பன போன்றவை எங்களுக்கு அப்படிக் கிடைத்தவைதாம்.

நாங்கள் பயன்படுத்தும் ரேட் தாள், ஆர்டர் தாள், சாம்பிள் அட்டை மூன்றின் நகல்களையும் சங்க நூலகத்தில் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் கேட்டுப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். கோப்பை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.